தையலோரத்து வெள்ளைப் புள்ளிகள்

அத்தியாயம் 17

போன வாரம் நர்மதாவை விமானத்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுப் பிரிந்தோம். ஏழு நாளாகக் கவலையோடு இருப்பவர்களுக்கு முதலில் ஒரு சமாசாரம்: அவள் பத்திரமாக இத்தாலியில் இறங்கிவிட்டாள். அவள் புருஷன் வசந்தகுமாரும் இறங்கிவிட்டான். அவ்வளவு பத்திரமாக என்று மட்டும் சொல்ல முடியாது. மிலான் விமான நிலையத்துக் கதவு திறந்ததும் ஆரம்பித்த தும்மல், மலையடிவாரத்து லாட்ஜ் வந்து சேரும் வரை நிற்கவே இல்லை.

புதன்கிழமை காலை. தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்று நர்மதா பையைத் திறந்தாள். தேங்காயெண்ணெய் பாட்டில் கல்லாகிக் கிடந்தது. குலுக்கினாலும் அசையவில்லை.

"மார்கழி மாசத்துல நம்ம ஊட்லயே ஒறையும். இங்க கேக்கணுமா?" என்றான் வசந்தகுமார், போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி.

அவள் பாட்டிலை ஹீட்டர் மேல் வைத்து உருக்கி, தலையை வாரிப் பின்னினாள். இன்று நடக்கப்போகும் பேச்சு ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவள் மனதில் இல்லை.

திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் அவளுடைய கையுறைக் கம்பெனியில் நாற்பது பெண்கள் தைக்கிறார்கள். அவர்கள் தைத்த பனிச்சறுக்குக் கையுறைகளை மொத்தமாக வாங்கிக்கொள்பவள் பாவ்லா என்கிற இத்தாலிக்காரி. டிசம்பரில் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கையுறையின் தையல் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். 'தோலில் பூஞ்சை. தொட்டால் விறைப்பாக இருக்கிறது. துடைத்தால் போகிறது, மறுநாள் திரும்ப வருகிறது' என்று கீழே எழுதியிருந்தாள்.

தோல் கொடுத்தவர் பழவேற்காடு ஹனீப் பாய். நர்மதா நாலு மெஷினோடு ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் கேட்ட தோலைக் கேட்ட நாளில் கொண்டு வந்து இறக்கியவர். அந்த நன்றியெல்லாம் போட்டோவைப் பார்த்த கோபத்தில் பறந்துவிட்டது. பழவேற்காட்டுக்கு வண்டியை விட்டாள். அன்றைக்கு ஹனீப் பாயின் மகள் ஜுவைரியாவுக்கு நிச்சயம் பேசுவதற்காகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாவது நர்மதா நாக்கை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

"பூஞ்ச புடிச்ச தோல என் தலையில கட்டிட்டீங்களே பாய்! நீங்கல்லாம் நாணயஸ்தரா?" என்று வாசற்படியில் நின்றே கத்தினாள்.

உள்ளே இருந்தவர்கள் விரித்த பாயில் பிரியாணிக்கு உட்காராமலே எழுந்து போனார்கள். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. தப்பு செய்தவர் அவர், நமக்கென்ன என்று நர்மதா தன் மனசுக்கு எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. மனசு கேட்டுக்கொண்டதா என்பது வேறு விஷயம்.

*

லாட்ஜிலிருந்து மேலே வால்பியாங்காவுக்கு பஸ். பணக்காரர்கள் பனியில் சறுக்கி விளையாட வரும் ஊர் அது. ஒவ்வொரு ஓட்டலும் மரத்தாலான அரண்மனை. வாசலில் நின்ற நாய்க்குட்டிகூட வசந்தகுமாரைவிட நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தது.

அவனோ இரண்டு பேன்ட், மூன்று சட்டை, தலைக்குக் குரங்கு குல்லாய். "எல்லாரும் என்னியே பாக்கறாங்க நர்மதா."

"பாக்கட்டும். நாம அவங்கள பாக்கலியா? நேரா நடங்க."

பாவ்லாவின் கடை ஊருக்கு நடுவில், கேபிள் கார் நிலையத்துக்கு எதிரே இருந்தது. உள்ளே மர வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தின் கீழ், காக்களூரில் தைத்த கையுறைகள் நகை மாதிரி படுத்திருந்தன. விலைச்சீட்டைப் பார்த்த வசந்தகுமார், கையில் எடுத்ததைப் பிறந்த குழந்தையைப் போல இரண்டு கையாலும் திரும்ப வைத்தான்.

பாவ்லாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கத்தரித்த நரைமுடி, சிரிக்காத முகம். அவள் ஆங்கிலமும் நர்மதாவின் ஆங்கிலமும் வேறு வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவை. ஆனாலும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. நம் வசதிக்கு அவள் பேச்சைத் தமிழிலேயே கேட்போம்.

"இன்று இரண்டு மணிக்கு இந்த மலையில் இருக்கும் கடைக்காரர்கள் இங்கே வருவார்கள். அடுத்த வருஷத்துக்கு எந்தக் கையுறை வேண்டும் என்று தேர்ந்தெடுப்பார்கள். உன் சரக்கை மேஜையில் வைக்கலாமா வேண்டாமா என்பது உன் கையில் இருக்கிறது" என்றாள்.

பின்பக்கம் ஹீட்டர் இல்லாத கிடங்குக்கு அழைத்துப் போனாள். பெட்டி பெட்டியாக நர்மதாவின் கையுறைகள். விளக்கைப் போட்டதும், தையல் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். போட்டோவில் பார்த்ததைவிட மோசம்.

"உன் தையலில் குறையில்லை. எனக்குத் தெரியும். தோல்தான் கெட்டது. இதைக் கடைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டும்" என்று ஒரு கடிதத்தை நீட்டினாள் பாவ்லா. "கையெழுத்துப் போடு. மேஜையில் இடம் உண்டு."

நர்மதா படித்தாள். கெட்டுப்போன தோலைக் கொடுத்தவர் இன்னார், அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டோம். இன்னார் என்ற இடத்தில் ஹனீப் பாயின் முழுப்பெயர். அந்தப் பெயரை ஈமெயிலில் அனுப்பியவளும் நர்மதாதான்.

வசந்தகுமார் பேனாவை எடுத்தே கொடுத்துவிட்டான். அவள் வாங்கவும் வாங்கினாள். பிறகு என்ன தோன்றியதோ, மூடியைத் திறக்கவில்லை.

"இத்தனை வருஷம் தைக்கிறேன். ஒரு நாள்கூடப் பனியில் போட்டுப் பார்த்ததில்லை. மேலே போய் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்."

பாவ்லா தோளைக் குலுக்கினாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்த புள்ளியில்லாத நல்ல ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கூடவே கேபிள் காருக்கு இரண்டு சீட்டு.

*

இரண்டு பேரும் உச்சியில் இறங்கினார்கள். பார்த்த திசையெல்லாம் வெள்ளை. மூன்று வயசுப் பிள்ளை ஒன்று காலில் பலகையைக் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிச் சறுக்கிப் போனது. அதைத் திரும்பிப் பார்த்த வசந்தகுமார், நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தான்.

"வேணும்னே உக்காந்தேன்" என்றான்.

நர்மதா சிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பூப்போல மடங்கியது. கொஞ்ச நேரத்தில் தையல் ஓரம் விறைத்தது. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கட்டைவிரலைச் சுற்றி ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தையல் நெடுக வரிசையாக வெளுத்தது.

"இன்னாங்க, பூஞ்ச கால் மணி நேரத்துல மொளைக்குமா?"

"எனக்கு இன்னா தெரியும்? வா, கீழ போவலாம். காது வுழுந்துடும் போல கீது."

அவள் ஒரு கையுறையைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நூறு எண்ணிவிட்டு வெளியே எடுத்தாள். புள்ளிகளைக் காணோம்! தையலை மூக்கருகே கொண்டு போனாள்.

காலையில் தலைக்கு வைத்த எண்ணெயின் வாசனை.

ஆகஸ்ட் மாதம் நடந்தது முழுசாக ஞாபகம் வந்தது. கனமான தோலில் ஊசி சூடாகி நூல் அறுந்துகொண்டே இருந்தது. நூலுக்குப் போடும் சிலிக்கோன் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. வசந்தகுமாரின் தங்கை குணசுந்தரிதான் தையல் பகுதிக்குப் பொறுப்பு. அவள் யாரோ ஒரு பெண்ணின் பையிலிருந்த தேங்காயெண்ணெயை ஸ்பாஞ்சில் ஊற்றி, நூலை அதன் வழியாக ஓடவிட்டாள். அதன் பிறகு நூல் அறுந்ததே இல்லை. திருவள்ளூர் வெயிலில் தேங்காயெண்ணெய் தண்ணீர்தான். அது எங்கே போய் உறையப்போகிறது என்று யார் யோசித்தார்கள்?

அப்போதே போனை எடுத்தாள். காக்களூரில் மாலை நாலரை, ஷிப்ட் விடும் நேரம்.

"குணா, ஆகஸ்ட் ஆர்டருக்கு நூலுக்கு இன்னா எண்ணெ போட்டோம்?"

"தேங்காண்ணெதான் அண்ணி. ஏன்?"

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். நீதானே அண்ணி வந்து பாத்துட்டு, சூப்பர் குணா, இனிமே இதையே வெச்சுக்கோன்னு சொன்ன?" குணசுந்தரியின் குரல் மாறியது. "இன்னா அண்ணி ஆச்சு? என்னால எதனா பிரச்சனையா?"

"உன்னால இல்ல. சொன்னது நானு. நீ ஊட்டுக்குப் போ."

போனை வைத்தாள். தான் பழவேற்காட்டு வாசற்படியில் நின்று கத்திய ஒவ்வொரு சொல்லும் இப்போது அவளையே பார்த்துத் திரும்பி வந்தது. அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அழுதால் கன்னத்திலேயே உறைந்துவிடும் என்று பயந்து அடக்கிக்கொண்டாள்.

*

இறங்கும் கேபிள் காரில் அவர்கள் இருவர் மட்டும். விஷயம் முழுவதையும் கேட்ட வசந்தகுமார் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"சரி, தெரிஞ்சுபோச்சு. இனிமே தேங்காண்ணெ போடாத. ஆனா கீழ போயி வாயத் தொறக்காத. லெட்டர்ல கையெழுத்துப் போடு."

"அது பொய்யிங்க."

"நாப்பது பொம்பளைங்க நம்மள நம்பிக்கினு கீறாங்க. தப்பு எங்களுதுன்னு சொன்னா அந்தம்மா இன்னா பண்ணும்? தலையில தேங்காண்ணெ தடவறவங்ககிட்ட சரக்கு வாங்குவியான்னு கடைக்காரனுங்க சிரிப்பானுங்க. பாய் பேருதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே. இன்னொரு தபா கெட்டா இன்னா?"

"கெடுத்தது நானு."

"நர்மதா..."

"அவருதான் கெடுத்துக்கினாருன்னா நீங்க சொல்றது சரி. நாந்தானே கெடுத்தேன்? அதுக்கு மேல கையெழுத்து வேற போட சொல்றீங்களா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் வசந்தகுமாருக்குப் பயமாக இருந்தது. கத்தினால் சமாதானப்படுத்திவிடலாம். இந்தக் குரலோடு அவன் ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

கெட்டவன் இல்லை அவன், பயந்தவன். நாற்பது பேரின் முகமும் அவனுக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்றுகூடத் தெரியும்.

"கம்பெனி போயிடுச்சின்னா?" என்றான் கடைசியாக.

"போனா நம்ம தப்புக்குப் போவட்டும்."

*

இரண்டு மணிக்குக் கடையில் ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. மேஜையில் வேறு நாட்டுக் கையுறைகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் ஒரு காலி இடம், அதன் மேல் அந்தக் கடிதம்.

நர்மதா கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பாவ்லாவின் கையில் கொடுத்தாள்.

"இதில் கையெழுத்துப் போட முடியாது. தோலில் குற்றமில்லை. குற்றம் எங்களுடையது. சரியாகச் சொன்னால் என்னுடையது."

பாவ்லாவின் புருவம் ஏறியது. நர்மதா நிறுத்தவில்லை. கிடங்கிலிருந்து புள்ளி விழுந்த ஒரு ஜோடியைக் கொண்டுவரச் சொன்னாள். வலது கையுறையை ஹீட்டர் மேல் வைத்தாள். இடது கையுறையை வசந்தகுமார் வாங்கி, ஜன்னலைத் திறந்து, கொட்டுகிற பனியில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். வேண்டா வெறுப்பாகத்தான் நின்றான், ஆனாலும் நின்றான். அவனை அன்றைக்கு நர்மதாவுக்கு ரொம்பப் பிடித்தது.

பத்து நிமிடம். இரண்டையும் மேஜையில் வைத்தாள். ஹீட்டரில் இருந்ததில் புள்ளியே இல்லை. பனியில் இருந்ததில் தையல் முழுக்க வெள்ளை. ஒரு கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, ஒரு விரலின் தையலைப் பிரித்து, தோலின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். சுத்தமான ஆட்டுத்தோல். ஒரு கறை கிடையாது.

"எங்கள் ஊரில் தலைக்கும் சமையலுக்கும் தேங்காயெண்ணெய்தான். நூலுக்கும் அதையே போட்டுவிட்டோம். எங்கள் வெயிலில் அது உறையாது. உங்கள் குளிரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இதுதான் நடந்தது."

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் பிரித்த விரலை மோந்து பார்த்துவிட்டு என்னவோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். வசந்தகுமாரின் முகம் சிவந்தது. நர்மதா அசையாமல் நின்றாள். சிரிப்புக்குப் பயந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்.

பாவ்லா மட்டும் சிரிக்கவில்லை. தோலை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்று உன் சரக்கு மேஜைக்கு வராது" என்றாள். "என் வாடிக்கையாளர்களிடம் பூஞ்சை என்று ஒரு மாதமாகச் சொல்லிவிட்டேன். என்னையும் பொய்க்காரி ஆக்கிவிட்டாய்."

"தெரியும். மன்னிக்க வேண்டும்."

"பிப்ரவரி கடைசிக்குள் இருபது ஜோடி புதிதாகத் தைத்து அனுப்பு. எண்ணெய் இல்லாமல். நானே போட்டுக்கொண்டு மலை ஏறுவேன். புள்ளி வந்தால் நமக்குள் அதோடு முடிந்தது." கொஞ்சம் நிறுத்தினாள். "இதே தோல்தான் வேண்டும். இதே மனிதரிடமிருந்து."

*

கடைக்கு வெளியே கூரையின் கீழ் நின்றுகொண்டு நர்மதா ஹனீப் பாய்க்குப் போன் போட்டாள். மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை ஜுவைரியா எடுத்தாள். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடும் பெண், இன்றைக்கு அக்கா என்று சொல்லவில்லை.

"வாப்பா பேச மாட்டாங்க. தோல் யாவாரமே வேணாம்னு உக்காந்துகினு கீறாங்க."

"பேச வேணாம்மா. கேட்டா போதும். ஸ்பீக்கர்ல போடு. ஊட்ல எல்லாரும் கேக்கணும்."

ஒரு சத்தம். பிறகு யாரோ இருமுவது கேட்டது. அது ஹனீப் பாயின் இருமல் என்று நர்மதாவுக்குத் தெரியும்.

"பாய், உங்க தோல்ல குத்தம் இல்ல. நாங்க நூலுக்குத் தேங்காண்ணெ போட்டோம். அது இங்க குளுருல ஒறைஞ்சி வெள்ளையா நிக்குது. நான் விசாரிக்காம உங்கள அசிங்கமா பேசிட்டேன். எந்தப் பொய்யும் நீங்க சொல்லல, எந்தத் துரோகமும் பண்ணல. எல்லாம் என் தப்பு. என்ன மன்னிச்சிடுங்க பாய்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய்விட்டார்.

அப்புறம் வந்தது அவர் மனைவி பீவி ஜானின் குரல். கோபமில்லை. களைத்துப்போன குரல்.

"நர்மதா, நீ இப்ப எங்க நின்னுகினு பேசற?"

"இத்தாலில பாயம்மா."

"அங்க நின்னு சொன்னா இங்க யாருக்கும்மா கேக்கும்? எங்களுக்கா? அவர் தோலு நல்ல தோலுன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும். அன்னிக்கு நீ சொன்னத கேட்டவங்க வேற." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "வர்ற வெள்ளிக்கெழம ஜும்மா தொழுகை முடிஞ்சி மாப்பிள்ள ஊட்டுக்காரங்க முடிவு சொல்ல வர்றாங்க. முடிவு இன்னான்னு ஊருக்கே தெரியும். நாணயம் இல்லாத ஊட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம். உனக்கு மெய்யாலுமே மன்னிப்பு வேணும்னா, அதே வாசப்படில வந்து நின்னு, அவங்க முன்னால சொல்லு. அன்னிக்குக் கத்தினியே, அதே மாரி கத்திச் சொல்லு."

போன் அணைந்தது.

நர்மதா விரல் விட்டு எண்ணினாள். இன்று புதன். வெள்ளி மத்தியானத்துக்குள் பழவேற்காடு.

"ஞாயித்துக்கெழம டிக்கெட்ட மாத்துங்க. நாளைக்குக் காலைல நான் ஏறணும்."

வசந்தகுமார் வாதாடவில்லை. போனில் தேடினான். "நாளைக்குப் பத்து மணிக்கு ஒண்ணு கீது. ஆனா இன்னிக்கு ராத்திரியே மிலான் போயாவணும்."

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். அங்கே ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவன் சாலைக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலியை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். பனி அதிகமாகிவிட்டதாம். நாளை மத்தியானம் வரை எந்த வண்டியும் கீழே இறங்காதாம்.

"கால்நடையாகப் போனால்?" என்று நர்மதா ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். காட்டுக்குள் அடிவாரம் வரை நடைபாதை ஒன்று இருக்கிறது, ஏழு கிலோமீட்டர், அடிவாரத்திலிருந்து மிலானுக்கு வண்டி கிடைக்கும், ஆனால் நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்றான்.

மணி மூன்றேகால்.

"நர்மதா, பைத்தியமா உனக்கு?" என்றான் வசந்தகுமார்.

"பழவேற்காட்டுக்கு அன்னிக்கு வண்டில போவும்போது யோசிக்கல. இன்னிக்கு நல்லா யோசிச்சிட்டேன்" என்றாள் நர்மதா. "நீங்க நாளைக்கு பஸ்ல வாங்க. நான் நடக்கறேன்."

சொல்லிவிட்டுச் சங்கிலியைத் தாண்டினாள்.